கௌசி உட்கார்ந்த கடல்

"அந்த அளத்துக்காரி பிள்ளை உக்காந்தா கடலும் உக்காந்துருதாம், அது எந்திரிச்சா கடலும் எந்திரிச்சிருதாம். என்ன எழவோ!"

"அப்போ அதத் தூக்கி அங்கயே உக்கார வச்சிற வேண்டியதுதான?"

"அதத்தான் சங்கத்துல பேசிக்கிட்டு இருக்காவளாம்."

ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பெண்கள் இப்படிப் பேசிக்கொண்டபோது, அந்தப் பிள்ளையைப் பெற்ற சந்தனமாரி அவர்களுக்கு ஒரு முழம் பின்னால், மடித்த பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவர்கள் வெளியூரிலிருந்து பஸ் ஏறி வந்து கடலோர நகர் வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறவர்கள், அவளைத் தெரியாது. அவள் தன் முறை வந்ததும் பாமாயிலையும் துவரம்பருப்பையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நடக்கும்போது பையின் கனத்தைவிட அந்தப் பேச்சின் கனம் தோளை இழுத்தது.

அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், உப்பளத்து வெள்ளை வெயில் பட்டுப் பட்டு நாலு வயதுக் கௌசியின் முதுகெல்லாம் வேர்க்குரு கிளம்பி, பிள்ளை சுவரில் முதுகைத் தேய்த்துத் தேய்த்து அழுததைப் பார்க்கமாட்டாமல், சந்தனமாரி அவளைக் கடலுக்குக் கூட்டிப்போனாள். அளத்துக் குடியிருப்பிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் கடல் இருந்தது என்றாலும், நடுவில் சங்குமணல் கடலோர நகர் என்று ஒரு நகர் முளைத்து, நகருக்கு ஒரு நலச்சங்கம் முளைத்து, சங்கத்துக்கு ஓர் இரும்புக் கதவு முளைத்துப் பாதையை மூடியிருந்தது. அன்றைக்குக் கதவுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தவன் டீ குடிக்கப் போயிருந்தான். திறந்து கிடந்த கதவின் ஈரப் பெயின்ட் சேலையில் படாமல் ஒடுங்கிக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்து அவள் உள்ளே நுழைந்தாள்.

சங்குமணல் கடல் அதுவரைக்கும் யாரையும் குளிக்க விட்டதில்லை. கல்லைக் கொட்டி நண்டுக் கொடுக்கு மாதிரி இரண்டு பக்கமும் வளைத்துக் கட்டிய தூண்டில் வளைவுக்குள்ளேயும் அது ஆளுயரத்துக்கு எழும்பி, வந்தவர்களின் செருப்பையும் வாளியையும் பிடுங்கிக்கொண்டு போகும். நகரத்துத் தாய்தகப்பன்கள் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நீச்சல் உடை மாட்டி, காற்று ஊதிய வாத்தை இடுப்பில் செருகி, மணலில் வரிசையாக உட்கார வைத்துக் கடலைக் காட்டிவிட்டு, உடை நனையாமல் திரும்பக் கூட்டிப்போவார்கள். அப்படி உட்கார்ந்திருந்த வரிசையைத் தாண்டிப் போய்க் கௌசி தண்ணீர் விளிம்பில் சப்பென்று உட்கார்ந்தாள். எதிரே எழும்பி வந்துகொண்டிருந்த அலை, வண்டிமாடு முன்னங்காலை மடக்கிப் பிறகு பின்னங்காலை மடக்கிப் படுக்கிற மாதிரி, முன்பக்கம் மடங்கிப் பின்பக்கம் மடங்கி, ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. அதன் பின்னால் வந்த அலையும் படுத்தது. அதன் பின்னால் வந்ததும் படுத்தது. வளைவுக்குள் இருந்த கடல் முழுதும் தட்டில் ஊற்றிய தண்ணீராகக் கிடந்தது.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளைகள் வாத்துகளோடு ஓடிப்போய் விழுந்தார்கள். தாய்மார் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டார்கள். அரை மணி நேரம் கழித்துக் கௌசி மூத்திரம் வருகிறது என்று எழுந்தபோது கடலும் எழுந்து மூன்று பிள்ளைகளை உருட்டிவிட்டது. அவள் மறைவாகப் போய்விட்டு வந்து உட்கார்ந்ததும் கடலும் உட்கார்ந்தது. இதைக் கவனித்த ஒரே ஆள் சங்கத் தலைவர் தாணுமூர்த்தி சார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் கழுத்து விசிலைக் கழற்றாதவர். பிள்ளை எழுந்தது எத்தனை மணிக்கு, கடல் எழுந்தது எத்தனை மணிக்கு என்று அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டார். பிறகு சந்தனமாரியிடம் வந்து, "ஏம்மா, பிள்ளைய ஒரு இடத்துல ஒழுங்கா உக்கார வைக்கத் தெரியாதா? பாரு, எத்தனை பிள்ளைங்க உருண்டுச்சு!" என்றார்.

ரேஷன் கடையில் அந்தப் பேச்சு காதில் விழுந்தது இதற்கு ஒரு மாதம் பிந்தி. அந்த ஒரு மாதமும் சங்கம் சும்மா இருக்கவில்லை. அளத்துப் பிள்ளைக்கு வசப்படுகிற கடல் நகரத்துப் பிள்ளைக்கு வசப்படாதா என்று, ஒவ்வொரு புதன்கிழமையும் கூட்டம் இல்லாத நேரத்தில் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். முதல் புதன் தாணுமூர்த்தி சாரின் பேரன் ரித்திக்கை உட்கார வைத்தார்கள். கடல் அவனை ஒரு குட்டிக்கரணம் போட வைத்து, மூக்கில் மணலோடு திருப்பி அனுப்பியது. உட்கார்ந்த இடம் சரியில்லை என்று இரண்டாம் புதன் கௌசி உட்கார்ந்த அதே குழியில் அவனை உட்கார வைத்தார்கள். இந்தத் தடவை இரண்டு கரணம். விஷயம் கவுனில் இருக்குமோ என்று, கௌசியின் ஆரஞ்சுக் கவுனை இரவல் வாங்கி, கிருமிநாசினி போட்டு மூன்று தடவை அலசி, ஹேமலதா என்பவளின் மகள் நிவேதாவுக்கு மாட்டிப் பார்த்தார்கள். கடல் கவுனை மட்டும் வைத்துக்கொண்டு பிள்ளையைத் தந்தது. கௌசி அன்றைக்குக் கடலைமிட்டாய் தின்றுகொண்டிருந்தாளே என்று ஒருத்தருக்கு ஞாபகம் வர, நாலாம் புதன் நாலு பிள்ளைகள் கடலைமிட்டாய் தின்றுகொண்டே உருண்டார்கள்.

ஐந்தாம் வாரம் தாணுமூர்த்தி சார் சந்தனமாரியின் வீட்டு வாசலுக்கு வந்து, உள்ளே காலெடுத்து வைக்காமல், விசிலை ஒரு தடவை ஊதினார்.

"ஞாயித்துக்கிழமை ஏழு மணிலருந்து பதினோரு மணி வரைக்கும் பிள்ளையக் கூட்டிட்டு வந்துரு. கதவு உனக்காகத் திறந்திருக்கும்" என்றார். "உனக்கும் பிள்ளைக்கும் மட்டும்."

"விளையாட விடுவியளா சார்?" என்று கேட்டாள் சந்தனமாரி. "மத்தப் பிள்ளையளோட?"

"கடலுக்குள்ளதான உக்காரப் போறா, பிறகென்ன" என்றார் அவர்.

போகும்போது சங்கத்தின் பெயர் அச்சடித்த, தலை துவட்டுகிற துண்டு ஒன்றைத் திண்டில் வைத்துவிட்டுப் போனார்.

அப்படித்தான் சங்குமணலில் பிள்ளைகள் குளிக்கிற கரை உண்டானது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டார்கள். 'சிறுவர் நீராடும் அமைதிக் கரை' என்றும், நாய்களுக்கு அனுமதி இல்லை என்றும், தின்பண்டம் கூடாது என்றும், சங்க உறுப்பினர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் என்றும், இந்த அமைதி சங்கத்தின் இடைவிடாத முயற்சியால் கிடைத்தது என்றும் அதில் எழுதியிருந்தது. கௌசியின் பெயர் அதில் இல்லை. தூரத்து ஊர்களிலிருந்து உறுப்பினர்களின் சொந்தக்காரர்கள் கார் பிடித்து வந்தார்கள். குடை முளைத்தது, பாய் முளைத்தது, உடை மாற்றத் தகரக் கொட்டகை முளைத்தது. பவுர்ணமியும் அமாவாசையும் மாதிரி, கௌசி வருவதும் போவதும் கடலின் குணங்களில் ஒன்றாகிவிட்டது. அவள் தும்மினால் தண்ணீரில் ஒரு சுருக்கம் ஓடும். "சளி பிடிச்சிருக்கோ என்னவோ" என்று தாய்மார் முகம் சுளிப்பார்கள். விக்கல் எடுத்தால் வளைவு முழுதும் குலுங்கிக் குலுங்கி அடங்கும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், பெரியவர்கள் "தண்ணி குடுத்துத் தொலைக்கக் கூடாதா?" என்பார்கள். அவள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டால் கடல் எண்ணெயாக உறைந்து மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். ஆனால் அவள் அழுதால் கடலுக்கு ஒன்றும் ஆகாது. உட்கார்ந்திருக்கிறாளா என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு. ஆகவே நகர்க்காரர்களுக்கும் அது மட்டும்தான் கணக்கு.

இரண்டாம் வாரமே பேச்சு வந்தது. தாணுமூர்த்தி சாரின் மனைவி கமலவேணி டீச்சர்தான் ஆரம்பித்தாள்.

"அவ உக்காந்திருக்கிற தண்ணிதான இங்கயும் வருது? ரித்திக்குக் காலெல்லாம் அரிக்குதுங்கறான்."

"தலையில பேன் வேற இருக்கும் டீச்சர்" என்றாள் ஹேமலதா.

"அளத்துல பொறந்த பிள்ளைக்குப் பேனா? உப்புலயே அது செத்துருக்கும்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். சந்தனமாரி இரண்டு பாய் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தே சிரித்தார்கள்.

அடுத்த வாரம் கயிறு வந்தது. வலையில் கட்டுகிற மஞ்சள் மிதவைகளைக் கோத்து, கடலைக் குறுக்கே பிரித்து, நீரோட்டம் பிள்ளைகள் பக்கமிருந்து கௌசி பக்கமாகப் போகிற மாதிரி அவளைக் கீழ்ப்பக்கம் வைக்கவேண்டும் என்றார்கள். கௌசி உட்கார்ந்தால் நீரோட்டமே இல்லையே, எது கீழ்ப்பக்கம் என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். கடைசியில் கல் வளைவின் ஓரத்தில், நண்டு ஓடுகிற இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களில் கருங்கல்லைக் கட்டி இறக்கினார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் அந்த நாற்காலியில் கௌசி உட்கார்ந்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பதினைந்து இருபது பிள்ளைகள் பந்து எறிந்து கத்திக் குதித்து ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் அடித்தார்கள். இந்தப் பக்கம் ஒரு பிள்ளை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஹேமலதா நல்லவள் என்று பெயர் எடுத்தவள். சில வாரம் பிஸ்கட் பாக்கெட்டைக் கயிற்றுக்கு மேலாக வீசுவாள். அது தண்ணீரில் விழும். கௌசி எட்டி எடுக்கப் போனால், "எந்திரிக்காத! எந்திரிக்காத!" என்று இருபது குரல் ஒரே நேரத்தில் கத்தும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை வாரிவிடும்போதெல்லாம் கௌசி ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"இன்னைக்கி வெளையாட விடுவாவளாம்மா?"

"கேட்டுப் பாக்கேன்."

கேட்டாள். ஒவ்வொரு வாரமும் கேட்டாள். "எந்திரிக்க மாட்டா சார், உக்காந்தே வெளையாடுவா. நாற்காலிய நடுவுல போட்டியன்னா போதும். பந்த அவ பக்கம் ரெண்டு தடவை உருட்டி விட்டாப் போதும்." தாணுமூர்த்தி சார் கடைசி அரை மணி நேரம் பார்க்கலாம் என்பார். கடைசி அரை மணி நேரம் வரும்; வெயில் ஏறிவிட்டது என்று பத்தரைக்கே விசில் ஊதுவார். பிள்ளைகள் எல்லாம் வெளியேறி, துண்டு சுற்றி, தலை துவட்டி முடிந்த பிறகுதான் கௌசி எழலாம். அவள் எழுந்ததும் கடல் எழும். வேர்க்குருவுக்காகக் கடலுக்கு வந்த பிள்ளை ஒரு நாளும் கடலில் முழுகிக் குளிக்கவில்லை.

அளத்துக் குடியிருப்பிலும் சந்தனமாரிக்கு முகம் கொடுக்க ஆளில்லை. "உன் பிள்ளைக்கு மட்டும் கதவு தொறக்குதோ?" என்று பக்கத்து வீட்டு உச்சிமாகாளி குழாயடியில் வைத்துக் கேட்டாள். "எங்க பிள்ளையள்லாம் கடலுக்கு ஆகாததா?"

"கேட்டுப் பாத்தேன் மயினி. விட மாட்டேங்காவ."

"கேட்டியோ, கேக்காமலே வந்தியோ! தலைவர் வீட்டு வாசல்ல வந்து விசில் ஊதுதாரு. பெரிய ஆளுல்லா நீ." அன்றிலிருந்து சந்தனமாரியின் குடம் வரிசையில் எப்போதும் கடைசிக்குப் போனது. உப்பு லாரியோடு கேரளத்துக்குப் போய் மாதத்துக்கு இரண்டு தடவை வீடு வருகிற அவள் வீட்டுக்காரன் ராசப்பன் போனில் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சார்மாரப் பகைச்சிக்கிடாத, நம்ம அங்க இருந்து பொழைக்கணும்" என்று மட்டும் சொன்னான்.

ஆவணியில் கௌசிக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாலு மணி நேரம் தண்ணீரில் ஊறிய கால்கள் வெளுத்துச் சுருங்கி, கிழவியின் கால்கள் மாதிரி ஆகியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை சந்தனமாரி அவளைப் போர்த்திப் படுக்க வைத்துவிட்டு ரசம் வைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் விசில் சத்தம் கேட்டது. தாணுமூர்த்தி சார், கமலவேணி டீச்சர், பின்னால் நீச்சல் உடைப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர்.

"முப்பது குடும்பம் வந்து மணல்ல காத்துக் கெடக்கு" என்றார் தாணுமூர்த்தி சார். "நீ பாட்டுக்கு வீட்ல இருந்தா என்ன அர்த்தம்?"

"காச்சல் சார். ராத்திரி பூரா அனத்துனா."

கமலவேணி டீச்சர் கைப்பையிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை எடுத்து, வாசல்படிக்கு வெளியே நின்றபடியே பிள்ளையின் நெற்றிக்கு நேராக நீட்டி அழுத்தினாள். "தொண்ணூத்தொம்பதுதான் காட்டுது. இதெல்லாம் ஒரு காய்ச்சலா?"

"தூரத்துலருந்து பிடிச்சா எப்படி டீச்சர் தெரியும்? உள்ள வந்து தொட்டுப் பாருங்களேன்."

டீச்சர் உள்ளே வரவில்லை. கூட்டத்தில் ஒருத்தி, "வேணும்னே செய்றா. கிராக்கி காட்டுறா" என்றாள். இன்னொருவன், "இந்தக் குடியிருப்பே நகர் இடத்துலதான் இருக்குன்னு சொல்றாங்க, அதையும் ஒரு நாள் பாத்துர வேண்டியதுதான்" என்றான். குழாயடியில் நின்ற உச்சிமாகாளி குடத்தைக் கீழே வைத்துவிட்டு அந்த ஆளைப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சந்தனமாரி பிள்ளையைக் கூட்டிப்போனாள். கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்துவிடலாம் என்றுதான் போனாள். கரையில் கூட்டம் எப்போதையும்விட அதிகமாக இருந்தது. ஒரு வாரம் காத்திருந்த கோபத்தில் யாரும் அவளுக்கு வழி விடவில்லை. குடைகளைச் சுற்றி வளைந்து வளைந்து நடந்தாள். கல் ஓரத்துக்குப் போனபோது அங்கே பழைய பிளாஸ்டிக் நாற்காலி இல்லை. சிமென்ட் கட்டைமேல் பதித்த புது நாற்காலி ஒன்று இருந்தது. காரில் சின்னப் பிள்ளைகளை உட்கார வைக்கிற நாற்காலி அது. தோளில் இரண்டு பட்டை, இடுப்பில் ஒரு பட்டை, நடுவில் சிவப்புப் பொத்தான்.

"பாதுகாப்புக்குத்தான்" என்றார் தாணுமூர்த்தி சார். "போன மாசம் ரெண்டு தடவை எந்திரிச்சுட்டா. நம்ம எல்லாப் பிள்ளைங்களுக்கும் பாதுகாப்பு."

அவள் பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கைகளில் ரப்பர் உறை மாட்டியிருந்த சங்கச் செயலாளர் பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, நாற்காலியில் வைத்து இரண்டு சொடுக்கில் பூட்டிவிட்டார். கடல் படுத்தது. கரையில் காத்திருந்த பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடி விழுந்தார்கள். எல்லாம் ஒரு மூச்சு நேரத்தில் முடிந்துபோனது.

கௌசி அழவில்லை. தோளை இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள். பிறகு, "அம்மா, திரும்ப முடியல. பந்து எங்க இருக்கு?" என்று கேட்டாள்.

சந்தனமாரி தண்ணீரிலேயே நின்று திரும்பி, கரையைப் பார்த்து, அதுவரை அந்தக் கரையில் யாரும் கேட்டிராத சத்தத்தில் சொன்னாள்: "சார், நான் பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க போற? பிள்ளைங்க எல்லாம் தண்ணிக்குள்ள இருக்கு."

"கூப்பிடுங்க. விசில் அடிங்க. வெளிய வரட்டும், நான் போயிருதேன்."

தாணுமூர்த்தி சார் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றினார். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பதினேழு பிள்ளை உள்ள இருக்கு" என்றாள் கமலவேணி டீச்சர். "நீயும் ஒரு பிள்ளையப் பெத்தவதான? இப்ப அவளத் தூக்குனா பதினேழு உயிருக்கு நீதான் பொறுப்பு."

"அதான் டீச்சர் சொல்லுதேன். கூப்பிடுங்க."

யாரும் கூப்பிடவில்லை. தாய்மார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பாய்களில் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் உள்ளே இருக்கிறவரைக்கும் அவள் தன் பிள்ளையைத் தொடமாட்டாள் என்பது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. இனி எல்லா ஞாயிற்றுக்கிழமைக்கும் இது போதும் என்பதும் புரிந்துவிட்டது. "நிவேதா, இன்னும் கொஞ்சம் உள்ள போய் விளையாடும்மா" என்று ஹேமலதா இனிமையாகக் கூப்பிட்டுச் சொன்னாள். ஒரு தகப்பன் கையில் இருந்த கைக்குழந்தையின் காலையும் கொண்டுபோய்த் தண்ணீரில் நனைத்தான்.

சந்தனமாரி சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகினாள். குனிந்து மஞ்சள் மிதவைக் கயிற்றுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் எழுந்தாள். அந்தப் பக்கத்துத் தண்ணீரில் அவள் கால் படுவது அதுதான் முதல் தடவை.

முதலில் கைக்கெட்டிய பிள்ளையை, வாத்தோடு சேர்த்து, அக்குளில் இடுக்கிக்கொண்டு கரைக்கு நடந்து மணலில் வைத்தாள். "ஏய், தொடாத!" என்று அதன் தாய் அலறினாள். சந்தனமாரி திரும்பிப் போய் இரண்டாவது பிள்ளையைத் தூக்கினாள். "தொடாதன்னு சொல்றோம்ல! கைய எடு!" அவள் மூன்றாவதையும் நாலாவதையும் ஒன்றாகத் தூக்கினாள். உப்பு மூட்டையைத் தலையில் ஏற்றிப் பத்து வருடம் வரப்பில் நடந்தவளுக்கு நகரத்துப் பிள்ளைகள் ஒரு கனமும் இல்லை. கரையில் எல்லோரும் எழுந்து நின்று கத்தினார்கள், போலீஸைக் கூப்பிடு என்றார்கள், ஒருவன் போனில் படம் பிடித்தான், ஒருவன் கல்லை எடுத்துவிட்டுப் பிள்ளைகள் மேல் படுமே என்று கீழே போட்டான். எட்டு ஆண்கள் முழங்கால் தண்ணீர் வரைக்கும் இறங்கி அவளைச் சூழ்ந்தார்கள். சூழ்ந்து நின்று கத்தினார்களே தவிர ஒருவனும் அவளைப் பிடிக்கவில்லை. ரப்பர் உறை ஒரு ஜோடிதான் இருந்தது. அதைப் போட்டிருந்த செயலாளரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் அவர்கள் நடுவே போனபோது, சேலை பட்டுவிடும் என்று இரண்டு பக்கமும் விலகினார்கள். அன்றைக்குக் காலையில் மணலில் கிடைக்காத வழி தண்ணீரில் கிடைத்தது.

ஐந்து, ஆறு, ஏழு. ஒரு பிள்ளை, "என்னையும் தூக்குங்க அத்தை" என்று தானே கையை நீட்டியது. எட்டு, ஒன்பது, பத்து. நிவேதாவை மணலில் வைத்ததும் ஹேமலதா ஓடிவந்து மகளின் முதுகில் கைவைத்துக் கடலைப் பார்க்கத் தள்ளினாள். "போ. திரும்ப உள்ள போ. போடி!" நிவேதா மணலில் காலைப் பரப்பி உட்கார்ந்துகொண்டு, "நீ போ" என்றாள். கரைக்கு வந்த பிள்ளைகள் ஒன்றும் திரும்பிப் போகவில்லை. தண்ணீரைவிட இது பார்க்க நன்றாக இருந்தது அவர்களுக்கு. வரிசையாக உட்கார்ந்து, யார் அடுத்து வருகிறார்கள் என்று பெயர் சொல்லிக் கத்தினார்கள்.

கடைசியாக ரித்திக். ஏழு வயது, கனத்த பிள்ளை. பந்தைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனான். மார்பளவுத் தண்ணீரில் அவனைப் பிடித்தபோது அவள் புறங்கையைக் கடித்தான். அவள் விடவில்லை. ரத்தம் கசிகிற கையோடு அவனைத் தோளில் போட்டுக் கொண்டுவந்து கமலவேணி டீச்சரின் காலடியில் இறக்கினாள். "அய்யோ, இவனையும் தொட்டுட்டாளே" என்று டீச்சர் துண்டை எடுத்து அவன் தோளைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். கடலில் ஒரு பிள்ளைகூட இல்லை. கல் ஓரத்தில் இருந்த ஒன்றைத் தவிர.

சந்தனமாரி மணலில் நின்று, விரலை நீட்டி, ஒவ்வொரு தலையாக எண்ணினாள். பதினேழு. முழங்கால் தண்ணீரில் நின்ற எட்டு ஆண்களையும் ஒரு தடவை பார்த்தாள். "நீங்களும் ஏறிக்கிடுங்க" என்றாள். ஒருவன் ஏறினான். பிறகு ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் ஏறினார்கள். தாணுமூர்த்தி சாரின் கை சட்டைப் பைக்குப் போய் விசிலைத் தேடியது.

ரித்திக் விட்டுவிட்டு வந்த பந்து தண்ணீரில் அசையாமல் கிடந்தது. அவள் நடந்து போய் அதை எடுத்தாள். கயிற்றுக்கு அடியில் குனிந்து நுழைந்து, நாற்காலிக்கு எதிரே நின்று, பந்தைக் கௌசியின் பக்கம் உருட்டிவிட்டாள். கௌசி பட்டைக்குள்ளிருந்து இரண்டு கையையும் நீட்டி அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

"எந்திரிக்கட்டுமாம்மா?"

சந்தனமாரி சிவப்புப் பொத்தானை அழுத்தி, மூன்று பட்டைகளையும் விலக்கி, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.